ரொட்டி என்றால் உங்கள் ஊரில் எது?

மெய்ப்பு மேசை கேட்கிறார்:

மதுரையில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பள்ளிப் பயிற்சி நூல், மணிவிழா மலர், கோயில் தல வரலாறு என்று வருவதை எல்லாம் திருத்திக் கொடுப்பேன். இந்த மாதம் வந்து விழுந்தது ஒரு சமையல் தொகுப்பு. யாழ்ப்பாணம், ஹட்டன், பினாங்கு, ஆம்பூர், நாகர்கோவில் என்று பல ஊர்ப் பெண்கள் தங்கள் கைப்பட எழுதி அனுப்பிய குறிப்புகள். மொத்தம் 140 பக்கம். இரண்டு நாள் வேலை என்று நினைத்து வாங்கினேன். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.

தடுக்கி விழுந்தது ‘ரொட்டி’ என்ற சொல்லில். எண்ணிப் பார்த்தேன், 31 இடத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பில் அதைப் பாலில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றில் தோசைக்கல்லில் தட்டச் சொல்கிறார்கள். மூன்றாவதில் வீசச் சொல்கிறார்கள். நான்காவதில் ‘நேற்றைய ரொட்டியைப் பொடித்துக்கொள்ளவும்’ என்று இருக்கிறது. பாலில் ஊறுவதும், காற்றில் பறப்பதும், பொடியாவதும் ஒரே பொருளாக எப்படி இருக்க முடியும்?

பதிப்பகத்தில் கேட்டேன். ‘ஒரே சொல்லாகச் சீராக்கிவிடுங்கள், வாசகர் குழம்புவார்’ என்றார்கள். எதைக் கொண்டு சீராக்குவது என்று அவர்கள் சொல்லவில்லை.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குறிப்பு ஒன்றில் ‘பாண் துண்டுகள்’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்த பாண் எல்லாம் சங்கப் பாட்டில் யாழோடு வருகிற பாண்தான். சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘பானைத் துண்டுகளா? ஓட்டாஞ்சில்லை எதற்கு ஊறவைக்க வேண்டும்?’ என்று ஓரத்தில் எழுதினேன். அந்தத் தாள் இப்போது பதிப்பகத்தில் எல்லார் கையிலும் சுற்றுகிறது.

இரண்டாவது இன்னும் மோசம். அதே அம்மையாரின் ரொட்டிக் குறிப்பு: ‘கோதுமை மா இரண்டு சுண்டு, தேங்காய்ப்பூ ஒரு சுண்டு, உப்பு, தண்ணீர்.’ மா என்பதை மாவு என்று திருத்தினேன். செய்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணிப் பக்கம் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ இரண்டு வாங்கினேன். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு உருண்டை போல இருக்குமே, அதுதான். ஒன்று 60 ரூபாய். பிசைந்து கோதுமை மாவில் போட்டேன். மாவு கையை விடவில்லை, கல்லையும் விடவில்லை. என் கணவர் கரண்டியால் சுரண்டி எடுத்துத் தின்றுவிட்டு, ‘மருந்தா?’ என்று கேட்டார்.

எனவே கேட்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், ரொட்டி என்றால் எது? அகராதி வேண்டாம், அகராதி என்னிடம் நான்கு இருக்கிறது.

ரொட்டிக்கடை மகன் எழுதுகிறார்:

என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் என் அப்பா வைத்திருந்தது ரொட்டிக் கடை. பலகையில் பேக்கரி என்று எழுதியிருந்தாலும் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ரொட்டி என்றால் தகர அச்சில் ஊற்றாமல் உருட்டி வைத்து, விறகு அடுப்பில் சுட்டு எடுக்கிற, மேலே தேன் நிறமும் உள்ளே பஞ்சும் உள்ள அந்தச் சாமான்தான். இன்று எல்லாரும் பிரெட் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

எங்கள் ஊரில் அது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. ஒருவர் காலையில் வந்து ‘அரை ரொட்டி’ என்றால், ‘வீட்டில் யாருக்கு முடியவில்லை?’ என்றுதான் அப்பா கேட்பார். ஆஸ்பத்திரி வாசலில் கடை போட்டிருந்தால் பணக்காரராகியிருப்போம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல உடம்போடு ரொட்டி தின்கிற ஆட்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர்தான், இருவரும் கப்பலில் வேலை பார்த்தவர்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மாவு பிசைந்து மரத் தொட்டியில் போட்டு ஈரச் சாக்கால் மூடுவார்கள். அது பொங்கும்போது ஒரு புளித்த வாடை வரும். நான் அந்த வாடையில் தூங்கி வளர்ந்தவன். விடியற்காலை இரண்டரைக்கு அடுப்பிலிருந்து தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல் பிடித்துவைத்திருக்கிற சூட்டில்தான் ரொட்டியை உள்ளே விடுவார்கள். நெருப்பில் ரொட்டி வேகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நெருப்பு போன பிறகுதான் வேகிறது.

விற்காமல் மிஞ்சியதை மறுநாள் துண்டு போட்டு, அடங்கிய சூட்டில் மறுபடி காயவைத்தால் ரஸ்க். அதிலும் உடைந்தது ரொட்டித் தூள், கட்லெட் போடுகிறவர்கள் வாங்கிப் போவார்கள். உங்கள் நாலாவது குறிப்பில் பொடிக்கச் சொல்வது இதைத்தான். அதை எழுதியவர் நாகர்கோவில்காரராக இருக்க வேண்டும், சரிதானா?

தோசைக்கல்லில் தட்டுவதை எல்லாம் ரொட்டி என்று சொன்னால் அப்பா கோபப்படுவார். அதற்குப் பெயர் அடை.

வடமராட்சி அம்மம்மா எழுதுகிறார்:

பிள்ளை, பானைத் துண்டை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்து பேத்தி ஓடி வந்துவிட்டாள். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் அந்தச் சிவப்பு வட்டத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

பாண் என்றால் மேலே தம்பி சொன்ன அந்த ரொட்டி. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் விழுந்தது, 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். ஆட்சி நாற்பது வருடம்கூட நிலைக்கவில்லை, பாண் நிலைத்துவிட்டது. நாங்கள் அதை றாத்தல் கணக்கில் வாங்குவோம். ‘ஒரு றாத்தல் பாண் தாருங்கள்’ என்பதுதான் கடையில் பேச்சு. கிலோ வந்த பிறகு நிறை 450 கிராம் ஆனது, றாத்தல் வாயை விட்டுப் போகவில்லை. பாண் சுடுகிற அடுப்புக்குப் போறணை என்று பெயர். அதையும் போர்வை என்று திருத்தியிருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. சின்னதாக, இனிப்பாக இருந்தால் பணிஸ். உங்கள் ஊரில் பன் என்பீர்கள்.

ரொட்டி வேறு. அது போறணைக்குள் போகாது. தட்டையாக, விரல் கனத்தில், கல்லில் சுடுவது. கட்டைச் சம்பலோடு தின்பது. இரவில் சோறு வைக்க அலுப்பாக இருந்தால் அதுதான்.

உங்கள் சமையல் பிழைத்ததற்குக் காரணம் இரண்டு சொற்கள். தேங்காய்ப்பூ என்று நாங்கள் சொல்வது துருவிய தேங்காயை. பூப் போல உதிரும் அல்லவா, அதனால் பூ. முளைத்த தேங்காயின் உள்ளே இருப்பதைப் போட்டால் களிதான் வரும். அடுத்தது கோதுமை மா. எங்களுக்கு அது வெள்ளை மா. நீங்கள் மைதா என்பீர்களே, ஏறக்குறைய அதுதான். உங்கள் பழுப்புக் கோதுமை மாவை நாங்கள் ஆட்டா மா என்போம். ஆகவே மா என்பதை மாவு என்று மாற்றியபோது எழுத்தை மட்டும் மாற்றவில்லை, சாமானையே மாற்றிவிட்டீர்கள்.

இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். மைதா இரண்டு பங்கு, துருவல் ஒரு பங்கு, உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழையுங்கள். ஊற்றாதீர்கள், தேங்காயிலும் ஈரம் இருக்கிறது. கையில் ஒட்டாமல் வந்ததும் உருண்டை பிடித்து, அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடி வையுங்கள். பிறகு தட்டிச் சுடுங்கள். தணல் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே கருகி நடு மாவாக இருக்கும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேதப் பாடமும் உண்டு. தமிழ் விவிலியத்தில் பாணும் இல்லை, ரொட்டியும் இல்லை, அப்பம்தான். இயேசு கடைசி இராப்போசனத்தில் அப்பத்தை எடுத்துப் பிட்டார் என்று ஆசிரியை சொன்னபோது, நடுவில் வெள்ளையும் ஓரம் முறுகலுமாக எங்கள் அம்மா சட்டியில் சுடுகிற பாலப்பத்தைத்தான் நான் மனத்தில் கண்டேன். பன்னிரண்டு பேருக்கு எத்தனை அப்பம் சுட்டிருப்பார்கள், யார் சுட்டார்கள் என்பதே என் கவலையாக இருந்தது.

பாலாற்றங்கரை எழுதுகிறார்:

ஆம்பூர்க் குறிப்பு எது என்று தெரியவில்லை, ஆனால் எங்கள் பக்கத்து உருது பேசும் வீடுகளில் ரொட்டி என்றால் சப்பாத்திதான், வேறு பேச்சே இல்லை. பிரெட்டை டபுள் ரொட்டி என்பார்கள். ஐதராபாத்தில் விருந்துக்குச் செய்கிற டபுள் கா மீட்டாவில் உள்ள டபுள் அதுதான். அரிசி மாவில் செய்தால் அரிசி ரொட்டி. கேழ்வரகில் வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்டுத் தட்டினால் கேழ்வரகு ரொட்டி. ரொட்டிக்கடை மகன் அதை அடை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

மெய்ப்பு மேசை எழுதுகிறார்:

அம்மம்மா சொன்னபடி இன்று காலை செய்தேன். மைதா, துருவல், ஈரத்துணி எல்லாம். முதல் இரண்டு கருகின, தணலைக் குறைத்தபின் மூன்றாவது வந்தது. ஓரத்தில் தேங்காய் பொன்னிறமாகக் கருகி, பிட்டால் ஆவி வருகிறது. செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்துச் சம்பல் மாதிரி ஒன்று செய்துகொண்டேன். கணவர் ஐந்து தின்றார். ‘இது என்ன?’ என்றார். ரொட்டி என்றேன். ‘யாருக்கு உடம்பு சரியில்லை?’ என்றார். அவருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்.

ஆம், பொடிக்கச் சொன்னது நாகர்கோவில்தான். போறணை மூன்றாம் படிவத்தில் இருந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்து ‘அடுப்பணை’ என்று போட்டிருந்தேன். அப்படி ஒரு சொல்லே கிடையாது. மாற்றிவிட்டேன்.

இப்போது வீசுகிற ரொட்டிக்கு வருவோம். ‘வீச்சு ரொட்டி மூன்றைக் கொத்தி’ என்று ஒரு குறிப்பு. அது நம் பரோட்டாதானே?

தோட்டத்துப் பெயரன் எழுதுகிறார்:

ஏறக்குறைய. எங்கள் பக்கம் வீச்சு ரொட்டி என்றால் மாவை எண்ணெயில் ஊறவைத்து, வீசி, துணி போல மெல்லிசாக்கி, மடித்துச் சுடுவது. உங்கள் ஊர்ப் பரோட்டா மாதிரி சுருட்டிச் சுற்றுவதில்லை, அடுக்கடுக்காகப் பிரியாது. அதை வெட்டி, முட்டை, கறி, லீக்ஸ் போட்டு இரும்புத் தகட்டால் கொத்தினால் கொத்து ரொட்டி. மதுரையில் இதையே கொத்துப் பரோட்டா என்பீர்கள். சத்தம் ஒன்றுதான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்களுக்கு ரொட்டி என்பது அலுப்பு நாளின் இரவுச் சாப்பாடு இல்லை. அதுதான் சாப்பாடு. தோட்டத்தில் மாவைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆயா விடியுமுன் லயத்து அடுப்பில் ஆறேழு தட்டுவார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தேங்காய் இருந்தால் தேங்காய், இல்லாவிட்டால் வெறும் மாவும் உப்பும். இரண்டை உள்ளே சம்பல் வைத்து மடித்து, துணியில் சுற்றிக் கொழுந்துக் கூடையோடு மலைக்குக் கொண்டுபோவார். பத்து மணிக்குத் தேத்தண்ணீரோடு அதைத் தின்னும்போது ரொட்டி குளிரில் விறைத்துச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதைப் பல்லால் இழுத்துத் தின்கிற விதத்தை வைத்தே யார் எந்த லயம் என்று சொல்லிவிடலாம் என்று ஆயா சொல்வார்.

கொழும்பில் இதே ரொட்டியை இன்று பெரிய ஹோட்டல்களில் காலை உணவு மேசையில் பொல் ரொட்டி என்று சிங்களப் பெயரோடு வைத்திருக்கிறார்கள். சின்னதாக, வட்டம் பிசகாமல் இருக்கிறது. பொல் என்றால் தேங்காய்.

பாணுக்கும் எங்கள் வழியில் ஒரு கதை உண்டு. மூன்று சக்கர வண்டியில் பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் பீத்தோவனின் ஒரு பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். சூன் பாண் என்று பெயர். அந்த மெட்டை முதன்முறை ஒரு இசை நிகழ்ச்சியில் கேட்டபோது எனக்குப் பசித்தது.

பினாங்கு ஐந்தடி எழுதுகிறார்:

அக்கா, நீங்கள் எல்லாரும் ‘ரொட்டி என்றால் இது’ என்று சண்டை போடுகிறீர்கள். எங்கள் ஊரில் வெறும் ரொட்டி என்று சொன்னால் கடைக்காரர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது சொல் வரும்வரை நிற்பார்.

மலாய் மொழியில் போறணையில் சுட்டதும் ரொட்டிதான், கல்லில் சுட்டதும் ரொட்டிதான். அதனால் ரொட்டி சானாய் என்றால் உங்கள் பரோட்டாவின் தம்பி. சிங்கப்பூரில் அதே ஆளுக்கு ரொட்டி பிராட்டா என்று பெயர். முட்டை ஊற்றினால் ரொட்டி தெலோர். ஒன்றும் போடாமல் வேண்டுமென்றால் கோசோங், அதாவது காலி. கறியை மேலே ஊற்றி மிதக்கவிட வேண்டுமென்றால் பஞ்சிர், அதாவது வெள்ளம். காகிதம் போல மெலிந்து கூம்பாக நின்றால் ரொட்டி திசு. பிரெட்டைச் சுட்டுத் தந்தால் ரொட்டி பாக்கார். நீள பிரெட்டைப் பிளந்து, முட்டையும் கொத்துக்கறியும் வைத்துப் பொரித்தால் ரொட்டி ஜான். பினாங்கில் பெங்காலி ரொட்டி என்று ஒரு பெரிய முரட்டு பிரெட் உண்டு. அதைச் சுடுகிறவர்கள் தமிழ் முஸ்லிம்கள். வங்காளத்துக்கு அதில் என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

மாலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, பொட்டலம் பொட்டலமாகத் தொங்கவிட்டு ரொட்டிக்காரர் வருவார். எங்கள் வீதிக்கு வந்தவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவரிடம் என் அம்மா ‘ரொட்டி’ என்று ஒரே சொல்லில் கேட்பார். அவர் ஒருவர் மட்டும் இரண்டாவது சொல்லுக்குக் காத்திருக்கமாட்டார்.

மெய்ப்பு மேசை எழுதுகிறார்:

எல்லாருடைய பதிலையும் தாளில் எழுதி மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்று புலப்படுகிறது. உளறினால் திருத்துங்கள், திருத்துவது எப்படி இருக்கும் என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் போறணைப் பண்டத்துக்குப் பாண் என்று தனிப்பெயர் கிடைத்துவிட்டது. எனவே ரொட்டி கல்லிலேயே இருந்துவிட்டது. தூத்துக்குடியில் அப்படிப் பெயர் எதுவும் நிற்கவில்லை, ரொட்டியே அடுப்புக்குள் போனது. (போர்த்துக்கேயர் தூத்துக்குடியிலும்தான் இருந்தார்கள். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் நமக்குக் கொடுத்தார்கள். பாணை மட்டும் ஏன் கொடுக்காமல் போனார்கள்? ஜப்பானில்கூட பிரெட்டுக்கு அவர்கள் கொடுத்த பான்தான் பெயர், மும்பையில் பாவ் என்று தின்பதும் அதே சொல்தான்.) பினாங்கில் ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்ப்பதால் அடைமொழி இல்லாமல் நடமாட முடியவில்லை. மதுரையில் இப்போது பிரெட் என்ற பெயர் வந்து ரொட்டியை அடுப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அது இப்போது தந்தூரி, ருமாலி என்று வட இந்திய உணவுப் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கிறது. என் மகனுக்கு ரொட்டி என்றால் அதுதான். காய்ச்சல் வந்தால் அவன் பிரெட் தின்கிறான்.

ஆகவே சீராக்கப் போவதில்லை. 31 இடத்திலும் எழுதியவர் எழுதியபடியே விடுகிறேன், ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் ஊர்ப்பெயர் போடச் சொல்லியிருக்கிறேன். மா, தேங்காய்ப்பூ, போறணை, றாத்தல் நான்குக்கும் அடிக்குறிப்பு. பதிப்பகத்தில் முணுமுணுத்தார்கள். பானைத் துண்டுத் தாளை அவர்களுக்கு நினைவூட்டினேன், சரி என்றுவிட்டார்கள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நாகர்கோவில் குறிப்பில் ரொட்டி அல்வா இருக்கிறது. ‘ஒரு ரொட்டி, ஓரம் நீக்கியது, சர்க்கரை ஒன்றரை ஆழாக்கு, நெய் கை தாராளம்.’ எழுதியவருக்கு 81 வயது, காது கேட்கவில்லை, தொலைபேசியில் கேட்டுப் பயனில்லை. அந்த ஒரு ரொட்டி எவ்வளவு எடை?

ரொட்டிக்கடை மகன் எழுதுகிறார்:

அவர் காலத்து ரொட்டி என்றால் ஒரு பவுண்டு. அப்பாவும் ராத்தல் என்றுதான் சொல்வார், அம்மம்மா சொன்னதைப் படித்ததும் அவர் குரல் கேட்டது போல இருந்தது. இப்போது கடையில் பொட்டலமாக வருவது பெரும்பாலும் 400 கிராம். ஓரம் நீக்கினால் 300க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அந்தச் சர்க்கரைக்கு அது போதும்.

அன்று வாங்கிய ரொட்டியில் செய்யாதீர்கள், நெய்யில் போட்டதும் கூழாகிவிடும். ஒரு நாள் வைத்திருந்து, துண்டுகளைக் கொஞ்சம் காயவிட்டு வறுங்கள். நீக்கிய ஓரத்தைக் குப்பையில் போடவேண்டாம். வெயிலில் காயவைத்தால் ரொட்டித் தூள் ஆயிற்று, உங்கள் நாலாவது குறிப்புக்கு ஆகும்.

வடமராட்சி அம்மம்மா எழுதுகிறார்:

அல்வாவுக்கு ஏலக்காய் போடச் சொல்லி இருக்கிறதா பிள்ளை? இல்லையென்றால் விடுபட்டிருக்கும். எழுதியவரைக் கேட்காமல் சேர்த்துவிடாதீர்கள்.